அளத்தில் நடத்திய பாடம்

பதினோராம் வகுப்பு உயிரியலில் முதல் பாடம் உயிருலகத்தைப் பற்றியது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அதைத்தான் எடுக்க வேண்டும். மரக்காணம் உப்பளங்களில் உப்பு வாரும் வேலை மும்முரமாக நடப்பதும் அப்போதுதான். இந்தக் கடற்கரையில் உயிரியல் ஆசிரியையாக இருந்த காலம் முழுவதும் அந்தப் பாடத்தை நான் பாத்தி வரப்பில் நின்றுதான் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகும் யாராவது கூப்பிட்டால் போய் நடத்திவிட்டு வருகிறேன்.

வகுப்பறையில் நடத்தினால் என்ன என்று கேட்பார்கள். உயிருள்ளது வளரும், உண்ணும், மூச்சு விடும், தன்னைப்போல் இன்னொன்றை உண்டாக்கும், தூண்டினால் பதில் கொடுக்கும். இவற்றைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு ஒரு பக்கம் கல்லையும் மறுபக்கம் நாயையும் நிறுத்தினால் யாருக்கும் சந்தேகம் வராது. சந்தேகம் வராத இடத்தில் பாடமும் இல்லை. கல்லைப் போன்ற ஒன்று வளர்வதையும், உயிருள்ள ஒன்று கல்லைப்போலக் கிடப்பதையும் பிள்ளைகள் ஒரே காலையில் பார்க்க வேண்டும். அதற்கு அளத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்களைப் பார்த்திருப்பார்கள். ஆந்திரத்திலிருந்து கடலோரமாகவே இறங்கி வரும் பக்கிங்காம் கால்வாய் முடிவது இந்தப் பக்கத்தில்தான். மேற்கிலும் தெற்கிலும் கழுவெளி ஏரி விரிந்து கிடக்கிறது. அது கடலோடு சேரும் வழி எடையன்திட்டுக் கழிமுகம். தை மாதம் பாத்தி திருத்தத் தொடங்கினால் வடகிழக்கு மழை பிடிக்கும்வரை உப்பு வேலைதான். என் மாணவர்களில் பலர் உப்பு வாருகிறவர்களின் பிள்ளைகள். பாத்தியைப் பற்றி அவர்களுக்கு நான் சொல்ல எதுவுமில்லை. அதில் இருக்கும் உயிர்களைப் பற்றித்தான் பேச வேண்டியிருந்தது.

உப்பிலிருந்தே தொடங்குவேன். கெட்டியான உப்புத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, நல்ல உருவமுள்ள சின்னக் கல்லுப்பு ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிடச் சொல்வேன். சில நாளில் அது கண்ணுக்குத் தெரியும்படி பெருக்கும். விளிம்பு நேராக, மூலை செங்கோணமாக, அளவெடுத்துச் செதுக்கியதுபோல இருக்கும். “டீச்சர், இது வளருது. அப்போ உயிரா?” என்று ஒரு பிள்ளை கண்டிப்பாகக் கேட்கும். கேட்காத வருடங்களில் நானே கேட்டிருக்கிறேன். அந்தக் கல்லை இரண்டாக உடைத்துத் தனித்தனியே தொங்கவிட்டால் இரண்டும் பெருக்கும். அப்போது இனப்பெருக்கம் என்ற வரியும் ஆட்டம் காணும்.

பதிலை உடனே சொல்ல மாட்டேன். வரப்பில் முளைத்திருக்கும் உமரிச் செடியை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். கல்லுப்புக்கு உப்புத் தண்ணீரிலிருந்து கிடைப்பது உப்பு. அது அப்படியே வெளியே ஒட்டிக்கொள்கிறது. உமரி எடுப்பது தண்ணீர், காற்றிலுள்ள கரியமில வாயு, வெயில், மண்ணிலிருந்து கொஞ்சம் தாது; அதனால் ஆவதோ உமரி. எடுத்ததை வேறொன்றாக மாற்றித் தன் உடலாக்கிக்கொள்ளும் இந்த வேலைதான் வளர்சிதைமாற்றம். இது நடப்பது செல்லுக்குள். வளர்ச்சி உள்ளிருந்து வருகிறது. அடுத்த தலைமுறைக்கு அது கொடுப்பதும் ஒரு துண்டை அல்ல. உடலை எப்படிக் கட்டுவது என்ற குறிப்பைக் கொடுக்கிறது. அந்தக் குறிப்பில் சின்னச் சின்ன மாற்றம் வரும், அந்த மாற்றம் அதற்கடுத்த தலைமுறைக்கும் போகும். உப்புக்கல்லுக்கு அப்படிக் கொடுக்க ஒன்றும் இல்லை.

பாடப்புத்தகப் பட்டியலில் தனியாக எடுத்த எந்த வரியும் போதாது என்பதைப் பிள்ளைகள் இங்கேயே கண்டுகொள்வார்கள். குட்டி போடாத கோவேறு கழுதைக்கு உயிர் உண்டு. முட்டையிடாத வேலைக்கார எறும்புக்கும் உண்டு. எல்லா வரிகளையும் சேர்த்துப் பிடித்தால்தான் உயிர் என்று சொல்ல முடியும்.

அடுத்து டிகிரி. அளத்தில் தண்ணீரின் கெட்டியை அளக்க மிதவைக் குழாய் ஒன்று இருக்கும். அதில் காட்டும் எண்ணைத்தான் டிகிரி என்கிறார்கள். கடல் தண்ணீர் மூன்றரை டிகிரிக்குக் கிட்டத்தில் நிற்கும். பாத்தி மாற்றிப் பாத்தியாக வெயிலில் காய்ந்து 13 டிகிரிக்கு மேல் போனால் ஜிப்சம் படியத் தொடங்கும். 25-இல் உப்பு விழும். 30-க்குப் பக்கத்தில் போனால் மெக்னீசியம் உப்புகள் கூடிக் கசப்பு ஏறிவிடும். அந்தத் தண்ணீரை வெளியேற்றிவிடுவார்கள். இந்த எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, முதல் வாய்க்காலிலிருந்து கடைசிப் பாத்திவரை நடக்கச் சொல்வேன். எந்த டிகிரியில் என்ன உயிர் கண்ணில் படுகிறது என்று அவர்களே குறிக்க வேண்டும். வாய்க்காலில் மீன் குஞ்சும் இறாலும் நண்டும் துள்ளும். கொஞ்சம் மேலே போனால் மீன் குறையும், அப்புறம் இல்லாமலே போகும். தரையில் பச்சையும் கருப்புமாகத் தோல் போலப் படிந்த பாசி வரும். கடைசிப் பாத்தியில் ஒன்றுமே இல்லை என்று எழுதிக்கொண்டு வருவார்கள். ஆனால் தண்ணீர் சிவந்திருக்கும்.

“தண்ணி செவந்தாத்தான் டீச்சரம்மா உப்பு நல்லா உழும்” என்று உப்பு வாரும் அம்மா ஒருவர் என் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்னார். அவர் சொன்னது அறிவியல்படியும் சரி. சிவப்பு நிறம் வெயிலைக் கூடுதலாக உள்வாங்குகிறது, தண்ணீர் சூடேறுகிறது, சீக்கிரம் ஆவியாகிறது. சிவப்பாக்குவது யார் என்பதுதான் கேள்வி.

அதில் ஒரு உயிர் டுனாலியெல்லா சலைனா. ஒற்றைச் செல் பாசி, இரண்டு இழைகளை அசைத்து நீந்தும். 1838-இல் பிரான்சின் மோன்பெலியே பக்கத்து உப்பளங்களில் மிஷேல் பெலிக்ஸ் துனால் என்பவர் கவனித்து எழுதியது. 1905-இல் தியோடொரெஸ்கோ அவர் பெயரையே அதற்கு வைத்தார். அது இனத்தால் பச்சைப் பாசி. உப்பும் வெயிலும் கடுமையாகும்போது காரட்டில் இருக்கும் அதே பீட்டா கரோட்டினைச் சேர்த்துக்கொண்டு ஆரஞ்சுச் சிவப்பாகிவிடும். பள்ளிக்கூட நுண்ணோக்கியிலேயே அது நீந்துவது தெரியும். ஒன்றுமே இல்லை என்று எழுதிய பாத்தியின் ஒரு சொட்டில் அத்தனை உயிர்கள் ஓடுவதைப் பார்க்கும் பிள்ளைகளின் முகத்துக்காகவே அந்த நுண்ணோக்கியைச் சைக்கிளில் கட்டி எடுத்துப் போவேன்.

இன்னொரு உயிர் நுண்ணோக்கியில் சிரமப்பட்டுத்தான் தெரியும். ஆனால் அதன் வேலையை இந்தக் கரையில் பார்க்காத வீடு இல்லை. ஈரம் பட்டுக் கெட்டுப்போன கருவாட்டில் சிவப்புப் படியுமே, அது உப்பில் வாழும் இந்த நுண்ணுயிர்களின் வேலை. உப்போடுதான் அவை கருவாட்டுக்கு வருகின்றன. இவற்றில் புகழ்பெற்றது ஹாலோபாக்டீரியம். மனித ரத்தத்தின் உப்பளவுக்கு ஈடாக ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் 0.9 சதவீதம், கடல் ஏறத்தாழ 3.5 சதவீதம், உப்பு விழும் பாத்தித் தண்ணீர் 26 சதவீதத்துக்குப் பக்கம். அந்தத் தண்ணீரில் நம் செல்லை விட்டால் நீரெல்லாம் வெளியே இழுக்கப்பட்டுச் சுருங்கிச் செத்துப்போகும். டுனாலியெல்லா கிளிசரால் தயாரித்து உள்ளே நிரப்பிக்கொண்டு அதைச் சமாளிக்கிறது. ஹாலோபாக்டீரியம் பொட்டாசியம் குளோரைடை நிரப்பிக்கொள்கிறது. அதன் புரதங்களே உப்பு இருந்தால்தான் உருக்குலையாமல் நிற்கும். நல்ல தண்ணீர் பட்டால் அதன் செல் வெடித்துவிடும். வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே தனக்கு வேண்டிய நிலையைக் காப்பாற்றிக்கொள்வதும் உயிரின் பண்பு என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு காரியத்தை இரண்டு உயிர்கள் இரண்டு வழியில் செய்வதை ஒரே சொட்டில் காட்டலாம்.

அந்தப் பண்பு பாத்திக்கு வெளியேயும் நடக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்வேன். கூசும் வெயிலில் உப்பு வாருகிற உங்கள் அம்மாவின் உடம்பு, வேர்த்து வேர்த்து ரத்தத்தின் சூட்டையும் உப்பையும் ஒரே அளவில் வைத்துக்கொள்ளப் பாடுபடுகிறது. அதற்குத் தண்ணீர் வேண்டும். வெட்டவெளியில் ஒதுங்க மறைவிடம் இல்லை என்று தண்ணீர் குடிக்காமலே வேலை செய்யும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது சிறுநீரகத்துக்கு ஆபத்து. இதை உயிரியல் வகுப்பில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

இப்போது வகைப்பாட்டுக்கு வருகிறேன். அந்தச் சிவப்பு உயிரை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது? 1969-இல் ராபர்ட் விட்டேக்கர் மொனிரா, புரோட்டிஸ்டா, பூஞ்சை, தாவரம், விலங்கு என்று ஐந்து உலகங்களாகப் பிரித்தார். அதன்படி ஹாலோபாக்டீரியம் பாக்டீரியாக்களோடு மொனிரா. கணக்கு முடிந்தது என்றுதான் தோன்றியது. 1977-இல் கார்ல் ஊஸ், ஜார்ஜ் பாக்ஸ் இருவரும் உருவத்தை விட்டுவிட்டு, எல்லா உயிர்களிலும் இருக்கும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.-வை ஒப்பிட்டார்கள். பாக்டீரியா என்று நினைத்திருந்தவற்றில் ஒரு கூட்டம் பாக்டீரியாவே அல்ல என்று தெரிந்தது. அவைதான் ஆர்க்கியா. உப்பில் வாழும் இந்தச் சிவப்பு உயிர்களும் அந்தக் கூட்டமே. செல்லின் உறையில் உள்ள கொழுப்பே வேறு விதமானது. டி.என்.ஏ.-விலிருந்து செய்தியைப் படியெடுக்கும் முறையில் அவை பாக்டீரியாவைவிட நமக்கு நெருக்கமானவை. 1990-இல் ஊஸ், காண்ட்லர், வீலிஸ் மூவரும் உயிர்களை பாக்டீரியா, ஆர்க்கியா, யூகாரியா என்று மூன்று பெரும்பிரிவுகளாக்கினார்கள். மரமும் காளானும் நாமும் சேர்ந்து அதில் ஒரே பிரிவு. ஹாலோபாக்டீரியம் என்ற பெயர் மட்டும் பழைய வீட்டு விலாசம்போல ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தரையில் படியும் பாசித் தோலுக்கும் இதுவே கதை. அதில் பெரும்பகுதி நீலப்பச்சைப் பாசி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் பாசியியலுக்குப் பெரிய மரபை உண்டாக்கினார். அந்த மரபில் வந்த டி.வி. தேசிகாச்சாரி 1959-இல் எழுதிய ‘சயனோபைட்டா’ என்ற பெருநூல் உலகமெங்கும் பயன்பட்டது. அந்தத் தலைப்பு அவற்றைப் பாசியாகவே கொள்கிறது. இன்று அவை சயனோபாக்டீரியா. உயிர் மாறவில்லை, தேசிகாச்சாரியின் வருணனைகளும் வீண்போகவில்லை. உறவைப் பற்றிய நம் அறிவுதான் திருந்தியிருக்கிறது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு வகைப்பாடு மேல்நாட்டுச் சரக்கு என்று நினைக்க இடம் கொடுக்கக் கூடாது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களைப் புலனறிவின்படி ஆறாகப் பிரிக்கிறது. புல்லும் மரமும் ஓரறிவு, நத்தையும் கிளிஞ்சலும் ஈரறிவு, கறையானும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நாலறிவு, விலங்கு ஐந்தறிவு, மனிதர் ஆறறிவு. கூர்ந்து பார்த்தவர்கள் செய்த வேலை அது. வயிரம் வெளியே இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம் என்றும் அதே மரபியல் பிரிக்கிறது. அந்த அளவுகோலின்படி பனையும் தென்னையும் புல் பக்கம் போகும். இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லோடு ஒருவிதையிலைத் தாவரங்களில்தான் வைக்கிறது. நண்டும் தும்பியும் இன்று ஒரே கணுக்காலித் தொகுதி. ஆனால் கறையானும் எறும்பும் பார்வைக்குத் தோன்றும் அளவுக்கு நெருக்கமில்லை. எறும்பு குளவிக்கு உறவு. கறையான் கரப்பானின் வரிசைக்குள்ளேயே அடங்குவது என்று 2007-இல் மரபணு ஆய்வு காட்டிவிட்டது. ஒரே ஒரு பண்பை வைத்துப் பிரித்தால் சில இடத்தில் உறவு பிடிபடும், சில இடத்தில் தப்பிப்போகும். லின்னேயஸ் பூக்களை மகரந்தத் தாள்களின் எண்ணிக்கையை வைத்துப் பிரித்ததும் அப்படித்தான் ஆயிற்று.

லின்னேயஸ் நம் கரைக்கு அந்நியரும் அல்லர். அவருடைய மாணவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1785-இல் இறக்கும்வரை பெரும்பாலும் இந்தப் பக்கத்துச் செடிகளைச் சேகரித்தார். லின்னேயஸிடம் படித்த இன்னொருவரான பேப்ரீஷியஸ் 1798-இல் ஒரு கழி நண்டுக்குத் தரங்கம்பாடியின் பெயரையே வைத்தார். இன்று அது சில்லா ட்ராங்க்பாரிகா. பிற்காலத்தில் சேற்று நண்டுகள் எல்லாவற்றையும் சில்லா செரேட்டா என்ற ஒரே சிற்றினமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். 1998-இல் கீனன், டேவி, மான் என்ற மூவர் அவை நான்கு சிற்றினங்கள் என்று பிரித்துக் காட்டினார்கள், பேப்ரீஷியஸின் பெயரும் மீண்டு வந்தது. கழிமுகத்தில் நண்டு பிடிக்கிறவர்கள் உடல் பெருக்கும் பச்சை நண்டையும் கால் சிவந்த சிறு நண்டையும் ஒன்று என்று எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. நண்டைக் கையில் பிடித்துப் பிழைப்பவர் கண்ணுக்கு எந்த ஆய்வகமும் மதிப்புக் கொடுக்க வேண்டும்.

உமரியைக் கொண்டு குடும்பம் என்ற நிலையை விளக்குவேன். நான் கல்லூரியில் படித்தபோது உமரி கீனோபோடியேசி, தண்டுக்கீரை அமரந்தேசி. பெந்தாம்-ஹூக்கர் முறை அப்படி. அதைப் பின்பற்றிய கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலும் அப்படி. 1998-க்குப் பிறகு மரபணுச் சான்றைக் கொண்டு இரண்டையும் அமரந்தேசி என்ற ஒரே குடும்பமாக்கிவிட்டார்கள். உமரி, தண்டுக்கீரை, பீட்ரூட் எல்லாம் சொந்தம். உமரியை மென்று உப்புக் கரிப்பைத் துப்பிய பிள்ளைக்கு இது மறக்காது.

கழுவெளிக்கு வரும் பூநாரை இன்னும் பெரிய வியப்பு. நீண்ட கால், நீண்ட கழுத்து. நாரையின் சொந்தம் என்றுதான் யாரும் சொல்வார்கள். 2001-இல் வெளியான மரபணு ஆய்வு அதன் மிக நெருங்கிய உறவாக முக்குளிப்பானைக் காட்டியது. ஏரியில் குட்டையாக, வாத்துக் குஞ்சு போல முங்கி முங்கி எழுமே, அந்தப் பறவைதான். அடுத்தடுத்து வந்த ஆய்வுகளும் அதை உறுதி செய்தன. பூநாரையின் குஞ்சு சாம்பல் நிறம். பாத்தியின் பாசியிலும் அதைத் தின்ற சிற்றுயிரிலும் இருக்கும் கரோட்டினாய்டுதான் தின்னத் தின்ன இறகில் ஏறிச் சிவப்பாகிறது. நிறம் சாப்பாட்டால் வரும், உருவம் வாழ்கிற இடத்தால் ஒத்துப்போகும். உறவை இரண்டையும் தாண்டித் தேட வேண்டும்.

கடைசியாகக் காட்டுவது ஆர்ட்டீமியா. மரக்காணம் கரையில் இறால் குஞ்சு பொரிப்பகங்கள் நிறைய. இறால் குஞ்சுக்குத் தீனி இந்த உப்புநீர்ச் சிற்றிறால். அதன் உறைமுட்டைகள் டப்பாவில் வரும். பழுப்புத் தூள், ஒன்று கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. பொரிப்பகத்தில் கேட்டால் ஒரு சிட்டிகை கொடுப்பார்கள். வருடக்கணக்கில் டப்பாவில் உலர்ந்து கிடக்கும். தின்னாது, அசையாது, மூச்சு இருப்பதற்கு அடையாளம் காட்டாது. 1972-இல் அப்போலோ 16 நிலவுக்குப் போனபோது இந்த முட்டைகளும் போய்த் திரும்பின. ஒரு பாட்டில் கடல் தண்ணீரில் போட்டு, காற்றுக் குமிழி விட்டு, விளக்கு வெளிச்சத்தில் வைத்தால் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிந்து, ஒற்றைக் கண்ணோடு வெளிச்சத்தைப் பார்த்து நீந்தும்.

“டப்பாவுல இருந்தப்ப அது உயிரா, உயிர் இல்லையா டீச்சர்?” ஒரு மாணவி கேட்ட இந்தக் கேள்வியை நான் பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் எழுப்பினேன். வளர்சிதைமாற்றம் நின்றிருக்கிறது, ஆனால் செல்லின் கட்டமைப்பு குலையவில்லை, செய்தி அழியவில்லை. 1959-இல் டேவிட் கைலின் இதை மறைவுயிர்நிலை என்ற பொருளில் பெயரிட்டு விளக்கினார். என் முடிவு, அது உயிர்தான். இறால் பண்ணைகளை 1990-களின் நடுவில் அழித்த வெள்ளைப்புள்ளி வைரஸ் உயிரா என்று கேட்டால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அதற்குச் செல் இல்லை. இறாலின் செல்லுக்குள் புகாமல் அதனால் எதுவும் செய்ய முடியாது.

ஆர்ட்டீமியாவுக்கு 1758-இல் லின்னேயஸ் வைத்த பெயர் கான்சர் சலைனஸ், நண்டுகளோடு சேர்த்துவிட்டார். 1819-இல் லீச் அதைத் தனிப் பேரினமாக்கினார், முதல் பெயர் ஆர்ட்டீமியா ஆயிற்று, இரண்டாம் பெயர் சலைனாவாகத் தொடர்ந்தது. உறவைப் பற்றிய அறிவு மாறினால் பேரினப் பெயர் மாறும், சிற்றினப் பெயர் கூடவே வரும். இருபெயரிடும் முறையின் பயனைச் சொல்ல இந்த ஒரு பிராணி போதும்.

கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாகவும், 2024-இல் ராம்சார் ஈரநிலமாகவும் ஆகியிருக்கிறது. அங்கே பறவைக் கணக்கு எடுக்கிறார்கள், எடுக்க வேண்டும். பறவை தின்னும் பாசிக்கும் சிவந்த தண்ணீருக்கும் ஒரு பதிவேடு வேண்டும். அதைப் பள்ளிப் பிள்ளைகளே டிகிரி வாரியாக, மாத வாரியாக வைக்க முடியும்.

கேளம்பாக்கம், மரக்காணம், வேதாரண்யம், தூத்துக்குடி என்று அளம் உள்ள ஊர்களின் உயிரியல் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதல் பாடத்தை ஒரு காலையாவது அளத்தில் நடத்துங்கள். வெயில் ஏறுமுன் போய்விட்டு ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுங்கள். குடிதண்ணீர், தொப்பி, நுண்ணோக்கி, நூல், இரண்டு பாட்டில் இருந்தால் போதும். உப்பு வாருகிறவர் ஒருவரைப் பிள்ளைகளோடு பேசச் சொல்லுங்கள். அந்த நேரத்துக்கு அவருடைய கூலி குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அளம் எடுத்திருப்பவரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். நான் கேட்டு யாரும் இதுவரை மறுத்ததில்லை.